பூங்கா டெண்டர்: புல்தரைக்கு ரேட் எப்படிப் போடுவது?

கான்ட்ராக்டர் அண்ணன்மாருக்கு வணக்கம். இதுவரை வீடு, காம்பவுண்டு சுவர் என்று தனியார் வேலைதான் செய்திருக்கிறேன். எங்கள் ஊர் நகராட்சிப் பூங்கா மேம்பாட்டு வேலைக்கு முதல்முறையாக டெண்டர் போடப் போகிறேன். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வாங்கி டிஎன்டெண்டர்ஸ் என்கிற தமிழக அரசின் டெண்டர் இணையதளத்தில் பதிந்தாயிற்று, இ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகையும் தயார்.

பேவர் பிளாக் நடைபாதை, கிரில், விளக்குக் கம்பம் எல்லாவற்றுக்கும் ரேட் வந்துவிட்டது. சிக்கல் புல்தரையில்தான். சதுர மீட்டர் ரேட்டிலேயே ஓராண்டுப் பராமரிப்பும் அடக்கமாம். இடத்தைப் போய்ப் பார்த்தேன். போர்வெல்லில் மோட்டார் இல்லை. ஒரு அடி தோண்டினால் செங்கல் துண்டும் கலவைக் கட்டியும்தான் வருகிறது. அதை அள்ளிவிட்டுச் செம்மண், எரு போடாமல் புல் பிடிக்காது. தண்ணீர் யார் பொறுப்பு என்று டெண்டர் ஆவணத்தில் ஒரு வரிகூட இல்லை.

லாரித் தண்ணீரையும் தோட்டக்காரர் கூலியையும் ரேட்டில் எப்படி ஏற்றுவீர்கள்? டெண்டர் போடும் முன் சந்தேகம் கேட்க நடக்கும் ப்ரீ-பிட் கூட்டத்தில் எழுத்தில் கேட்டுவிடலாமா? மதிப்பீட்டைவிட ரொம்பக் குறைத்தால் கூடுதல் பாதுகாப்புத் தொகை கேட்பார்களாமே, எந்த அளவிலிருந்து?

பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். பில் பாஸானதும் காய்ந்துபோகிற புல்லைப் போட எனக்கு மனசில்லை. பூங்கா வேலை எடுத்து முடித்தவர்கள் கொஞ்சம் விவரம் சொல்லுங்கள்.