டிராக் சத்தம் கேட்கும் முன்பே தூண்டில் நரம்பு அறுகிறது. டிராக்கை எப்படி அளந்து வைப்பது?

கேள்வி:
முட்டுக்காடு, கோவளம் பக்கம் லூர் (செயற்கை இரை) போட்டுக் கொடுவா பிடிக்கப் போவேன். 4000 சைஸ் ஸ்பின்னிங் ரீல், 20 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நரம்பு), அதன் நுனியில் முடிச்சுப் போட்ட 40 பவுண்டு லீடர் நரம்பு. டிராக் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்) வைக்கும்போது ரீலுக்குப் பக்கத்தில் நரம்பைக் கையால் இழுத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். நல்ல மீன் கடித்தால் டிராக் பாடுவதற்குள் லீடர் முடிச்சில் 'டப்'பென்று அறுந்துவிடுகிறது. ரீல் பெட்டியில் அதிகபட்ச டிராக் 10 கிலோ என்று போட்டிருக்கிறது. எத்தனை கிலோவில் வைக்கலாம்?

பதில்:
பெட்டியில் இருக்கும் 10 கிலோவை மறந்துவிடுங்கள் தம்பி. அது ரீல் தாங்குவது, நரம்பு தாங்குவது அல்ல. 20 பவுண்டு என்றால் ஏறக்குறைய 9 கிலோ. அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 2.25 முதல் 3 கிலோ. பிரெய்ட் இழுவைக்கு நீளாது, முடிச்சும் நரம்பின் முழு பலத்தைத் தாங்காது. அதனால் 2.25 பக்கமே தொடங்குங்கள்.

கை கணக்கு வேண்டாம். சூட்கேஸ் எடை பார்க்கிற டிஜிட்டல் தொங்கு தராசு போதும். நரம்பை எல்லா வளையத்திலும் கோத்து, நுனியில் தராசை மாட்டி, நண்பரை மெதுவாக, ஒரே சீராக இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ராடைத் தரைக்கு 45 டிகிரியில், மீனோடு மல்லுக்கட்டுவது போலப் பிடியுங்கள். ராடு வளைந்தால் வளையங்களில் உராய்வு கூடும், அதனால் ரீல் பக்கத்தில் இழுத்துப் பார்த்ததைவிட எண் கூடவே காட்டும். மீனுக்குத் தெரிவது இந்த எண்தான்.

இன்னொன்று. டிராக் சத்தமே வராமல் அறுகிறது என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நகரத் தொடங்கும் நொடியில் தராசு என்ன காட்டுகிறது, ஓடும்போது என்ன காட்டுகிறது என்று இரண்டையும் குறித்து எழுதுங்கள்.

பதில்:
தராசு இல்லையென்றால் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கட்டுங்கள், கிட்டத்தட்ட 2 கிலோ. மொட்டைமாடியில் நின்று மெதுவாகத் தூக்கும்போது பாட்டில் கொஞ்சம் எழும்பி, அப்புறம் டிராக் வழுக்க வேண்டும். ராடை மட்டும் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள், நுனி ஒடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. தராசு வாங்கிப் பார்த்தேன். நகரும் முன் 4 கிலோ வரை ஏறுகிறது, நகர்ந்ததும் சட்டென்று 2.3க்கு இறங்குகிறது. அப்புறம் ஓட்டத்திலும் விட்டு விட்டு இழுக்கிறது.

பதில்:
கிடைத்துவிட்டது. டிராக்குக்குள் உராய்ந்து பிரேக் பிடிக்கும் வாஷர் ஒட்டிக்கொள்கிறது. மீன் பாயும் நொடியில் முடிச்சின் மேல் விழுவது அந்த 4 கிலோ, அதுவும் ஒரே வெட்டாக. டிராக்கை இறுக்கித் தளர்த்தும் குமிழை எவ்வளவு தளர்த்தினாலும் இது தீராது.

டிராக் குமிழைக் கழற்றினால் ஸ்பூலுக்குள் ஒரு கம்பி வளையம் தெரியும். அதை எடுத்துவிட்டு வாஷர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். அடுக்கு வரிசை மாறாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புப் படிவைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். ஃபெல்ட் வாஷர் நசுங்கி, பளபளவென்று இறுகிப் போயிருந்தால் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் டிராக்குக்கென்றே விற்கும் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். தையல் மெஷின் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்பிரே எல்லாம் உள்ளே போகவே கூடாது.

கடல் போய் வந்ததும் டிராக்கை இறுக்கி வைத்து, பைப்பைப் பீய்ச்சாமல் நல்ல தண்ணீரை லேசாக ஊற்றிக் கழுவுங்கள். காய்ந்ததும் குமிழை முழுவதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே கிடந்தால் வாஷர் திரும்பவும் நசுங்கும்.

பதில்:
ஸ்பூல் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் நரம்பை உருவிக்கொண்டே போனால் ஸ்பூலில் சுற்றின் விட்டம் குறையும், குமிழைத் தொடாமலே இழுவை ஏறும். விட்டம் பாதியானால் 2.3 கிலோ 4.6 ஆகிவிடும். பெரிய பாறை மீன் நீளமாக ஓடும்போது பதறிப்போய் குமிழை இறுக்குபவர்களுக்கு அங்கேதான் அறுகிறது. பாலத்துத் தூண் பக்கம் கொடுவா திரும்பினால், குமிழை விட்டுவிட்டு ஸ்பூல் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். தேவை முடிந்ததும் கையை எடுத்தால் பழைய அளவு அப்படியே இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
ஃபெல்ட் வாஷர் ஒன்று கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. மாற்றி, கிரீஸ் தடவி, திரும்ப அளந்தேன். நகரும்போது 2.5, ஓடும்போது 2.3.

பதில்:
அருமை தம்பி, இந்தச் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். போகும் முன் லீடர் முடிச்சைப் புதிதாகப் போடுங்கள். இறுக்கும்போது நனைத்துக்கொள்ளுங்கள்.