ஆர்சி-யில் 13 சீட், வண்டிக்குள் கட்டில்: கேரவனில் வடக்கே போனவர்கள் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். நம்ம மதுரைப் பக்கம் கப்பலூரைத் தாண்டிப் போகிற அதே 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது. ஒரு தடவையாவது அதில் கடைசி வரை போய்விட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஓன் போர்டில் (சொந்த உபயோகப் பதிவில்) இருந்த பழைய 13 சீட் வேன் ஒன்றை வாங்கி, பட்டறையில் விட்டு, பின்சீட்டையெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தேன். லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறது, புகைச் சான்றும் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று குடும்பத்தோடு கிளம்பிவிட்டோம்.

ஐந்தாம் நாள் ஒரு மாநில எல்லையில் நிறுத்தினார்கள். அதிகாரி ஏறி வந்து சீட்டை எண்ணினார், ஐந்து. கையிலிருந்த ஆர்சி கார்டை, அதாவது வண்டிப் பதிவுச் சான்றைப் பார்த்தார், பதின்மூன்று. கட்டிலில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள், அவளை எழுப்ப வேண்டாம் என்று சைகையிலேயே சொல்லிவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார். கோபமே படவில்லை. கார்டில் சீட் எண்ணிக்கை இருக்கும் இடத்தை நகத்தால் தட்டி, "வண்டி இது இல்லையே" என்றார். என்னிடம் பதில் இல்லை. அபராதம் கட்டிவிட்டு அங்கிருந்தே ஊருக்குத் திரும்பிவிட்டோம்.

வந்து விசாரித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சி-யில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவதென்றால் ஆர்டிஓ-விடம் முதலிலேயே அனுமதி வாங்க வேண்டும், வேலை முடிந்து 14 நாளுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். கேரவனுக்கென்றே ஏஐஎஸ் 124 என்று ஒரு தரநிலையும் இருக்கிறது. சொந்த உபயோகக் கேம்பர் வேன் என்று தனி வகையே உண்டாம், அது ஆர்சி-யில் ஏறினால்தான் மற்றதெல்லாம் ஒழுங்காகும். எனக்கு அதைவிடப் பயம் இன்சூரன்ஸை நினைத்துத்தான். வழியில் ஏதாவது ஆகியிருந்தால், பாலிசியில் இல்லாத ஒரு வண்டிக்கு யார் பணம் தருவார்கள்? இப்போது கட்டிலைக் கழற்றிப் பழைய சீட்டையே மாட்டியிருக்கிறேன். இந்த முறை பேப்பர் முதலில், தச்சு வேலை அப்புறம்.

மேலூர் நண்பர்: அண்ணே, இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விடவே கூடாது. செலவுக்கு ஆகுமே என்று தெரிந்தவர் குடும்பத்துக்கு ஒரு வாரம் கொடுத்தேன், சோதனையில் அந்தக் குழந்தைகள் "வாடகை வண்டி" என்று உண்மையைச் சொல்லிவிட்டார்கள், பாவம், அவர்கள் பயணம் அங்கேயே நின்றுபோனது. வாடகை என்றால் டி போர்டுதான் (வாடகை வண்டிக்கான மஞ்சள் நம்பர் பிளேட்), அகில இந்திய சுற்றுலா பெர்மிட்டும் எடுக்க வேண்டும். அதே போல வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஊர்ப் பதிவெண்ணுக்கு மாற்றியாக வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து: எனக்குப் பேப்பரெல்லாம் சரியாக இருந்தது, நேரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். மைசூர் போகும்போது பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை மூடியிருக்கும் என்பது தெரியாமல் ஒன்பதே காலுக்குப் போய் நின்றேன், ராத்திரி முழுக்கச் சாலையோரம்தான். நமக்குப் பக்கத்திலேயே கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் பக்கம் போகிறவர்கள் வண்டியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இன்னர் லைன் பெர்மிட் (அந்த மாநிலங்களுக்குள் நுழைய வெளியாட்களுக்கான அனுமதி) எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அண்ணே, இந்த முறை சீட்டைக் கழற்றும் முன் ஆர்டிஓ-வில் என்னென்ன கேட்கிறார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். நானும் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்.