அம்மாவுக்கு ரெட்மி ஏ4 5ஜி வாங்கலாமா? பட்ஜெட் 9,000, ஏர்டெல் சிம்

போடிக்காரன்
வணக்கம் நண்பர்களே. அம்மாவுக்குப் புது போன் எடுக்க வேண்டும். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும், அதிலும் பாதிப் பேர் டைப் பண்ண மாட்டார்கள், "அக்கா, நாளைக்கு ரெண்டு கிலோ" என்று வாய்ஸ் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது இருப்பது 2 ஜிபி ராம், 32 ஜிபி போன். குட்மார்னிங் படங்களும் பேரன் வீடியோவும் நிரம்பி, கூகுள் பே திறப்பதற்குள் வாங்க வந்தவர் கிளம்பிவிடுகிறார்.

ரெட்மி ஏ4 5ஜி பார்த்து வைத்திருக்கிறேன். 2024 நவம்பரில் வந்தது. 4 ஜிபி ராம், 64 ஜிபி மாடல் 8,499, 128 ஜிபி மாடல் 9,499 என்று அறிவித்தார்கள். 6.88 இன்ச் திரை, 120 ஹெர்ட்ஸ், 5160 எம்ஏஎச் பேட்டரி, 50 மெகாபிக்சல் கேமரா, பெட்டியிலேயே 33 வாட் சார்ஜர். விளம்பரத்தில் 8 ஜிபி ராம் என்று வேறு போடுகிறார்கள். இந்த விலைக்கு இவ்வளவு எப்படி, எங்கே கை வைத்திருப்பார்கள் என்றுதான் சந்தேகம். 64 ஜிபி போதுமா, ஆயிரம் ரூபாய் கூடப் போடலாமா? அம்மாவின் சிம் ஏர்டெல், பத்து வருட நம்பர், வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் அதுதான் தெரியும், மாற்றவே மாட்டார்.

ரயில்வே காலனி
கை வைத்த இடம் உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது. இந்த போனில் இருப்பது ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்கிற சிப். அதில் 5ஜி எஸ்ஏ மட்டும்தான், என்எஸ்ஏ கிடையாது. ஜியோ ஆரம்பத்திலிருந்தே எஸ்ஏ முறையில், அதாவது 5ஜிக்கென்று தனி கோர் (நெட்வொர்க்கை இயக்குகிற மையம்) வைத்து ஓட்டுகிறது. ஏர்டெல் 2022 அக்டோபரில் தொடங்கியபோது எடுத்தது என்எஸ்ஏ, இருக்கிற 4ஜி கோரின் முதுகில் 5ஜியை ஏற்றி ஓட்டுகிற முறை. இந்த போன் வெளிவந்தபோதே இதைப் பற்றிப் பெரிய பேச்சு அடிபட்டது. பெட்டியில் 5ஜி என்று கொட்டை எழுத்தில் இருக்கும், ஏர்டெல் சிம்மைப் போட்டால், என்எஸ்ஏ மட்டும் இருக்கிற இடத்தில் அது ஒரு 4ஜி போன். கால், நெட் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், 5ஜி சின்னத்தை எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

செல்கடை அண்ணாச்சி
ரயில்வே காலனி சொன்னது சரி. ஆனால் அம்மாவுக்கு 5ஜி எதற்கு என்று முதலில் யோசியுங்கள் தம்பி. 2024 ஜூலையில் ரீசார்ஜ் விலை ஏற்றியபோது, தினம் 2 ஜிபி பிளானும் அதற்கு மேலும் போடுகிறவர்களுக்குத்தான் அன்லிமிடெட் 5ஜி என்று ஆக்கிவிட்டார்கள். அம்மா 1.5 ஜிபி பிளான் போடுகிறவர் என்றால் 5ஜி வந்தாலும் அதே 1.5 ஜிபிதான், கொஞ்சம் சீக்கிரம் தீரும்.

அந்த 8 ஜிபி ராம் கதை. நிஜ ராம் 4 ஜிபிதான். மிச்சம் 4 ஜிபி உங்கள் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. ஸ்டோரேஜ் ஒருநாளும் ராம் வேகத்துக்கு வராது, அதோடு 64 ஜிபி மாடலில் இருக்கிற இடத்திலேயே ஒரு பங்கு போய்விடும். என் கடையில் வாங்குகிறவர்களுக்கு நானே செட்டிங்கில் போய் அதை அணைத்துத்தான் கொடுப்பேன்.

64-ஆ 128-ஆ என்றால் யோசிக்கவே வேண்டாம், 128. மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். போடலாம், 1 டிபி வரை எடுக்கும். ஆனால் வாட்ஸ்அப் தன் படம், வீடியோ, வாய்ஸ் எல்லாவற்றையும் போனின் உள் நினைவகத்தில்தான் போடும், கார்டில் நேராக இறக்காது. அம்மாவின் போன் நிரம்புவதே வாட்ஸ்அப்பால். அப்புறம் கார்டு இருந்து என்ன பிரயோஜனம்? வருகிற படமெல்லாம் தானாக இறங்குவதையும் அணைத்துவிடுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

கலைவாணி
நானும் என் மாமியாருக்கு இதே விலையில் ஒன்று எடுத்தவள் என்பதால் சொல்கிறேன். மாடல் வேறு, பேர் வேண்டாம். யாரும் சொல்லாத ஒன்று கைரேகை. காலம் முழுக்கத் தண்ணீரிலும் அடுப்படியிலும் இருந்த கை, ரேகை தேய்ந்து போயிருக்கும். என் மாமியாருக்கு ரேஷன் கடையிலேயே ஐந்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, தலையில் துடைத்து, மறுபடி வைத்து, கடைசியில் கட்டைவிரல்தான் விழும். போனில் பக்கவாட்டு பட்டனில் அந்தச் சின்ன சென்சாரில் எங்கே விழப் போகிறது? பத்து தடவைக்கு எட்டு தடவை "மீண்டும் முயலவும்". கடைசியில் நான்கு இலக்க எண் போட்டுக் கொடுத்தேன், இப்போது நிம்மதி. உங்கள் அம்மா கையில் மாவு வேறு இருக்கும். அவரைக் கூட்டிக்கொண்டு போய், டெமோ போனில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியே ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டு முழுச் சத்தம் வைத்துக் கேளுங்கள். கிரைண்டர் ஓடும்போது காதில் விழ வேண்டும். 50 மெகாபிக்சலை வைத்து மாவையா படம் எடுக்கப் போகிறார்?

பேட்டரி பைத்தியம்
மாவையும் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள் அக்கா, எங்கள் தெருவில் வைக்கிறார்கள் :) அதற்கு அந்தக் கேமரா தாராளம். பகல் வெளிச்சத்தில் நன்றாக எடுக்கும். பின்னால் பெரிய வட்டத்தைப் பார்த்து நாலு கேமரா என்று நினைக்க வேண்டாம், வேலை செய்வது ஒன்றுதான். முன்பக்கம் 5 மெகாபிக்சல், வீடியோ காலுக்கு ஆகும்.

சார்ஜிங் பற்றி. பெட்டியில் 33 வாட் சார்ஜர் கொடுப்பது உண்மை, ஆனால் போன் எடுத்துக்கொள்வது 18 வாட்தான். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன், சார்ஜரே தராமல் பெட்டியை மெலிய வைக்கிற காலத்தில் ஒரு நல்ல சார்ஜர் சும்மா வருகிறது. 5160 எம்ஏஎச், திரை 720 பிக்சல், சிப் கரண்ட் குறைவாக இழுக்கிற 4 நானோமீட்டர் வகை, மூன்றும் சேர்ந்து அம்மா மாதிரி உபயோகத்துக்கு ஒன்றரை நாள் தாராளமாக ஓடும் என்பது என் கணக்கு.

திரையைப் பற்றி ஒரு வார்த்தை. 6.88 இன்ச்சுக்கு 1640 × 720 என்றால் இன்ச்சுக்கு 260 பிக்சல் அளவில் வரும். நீங்கள் பார்த்தால் எழுத்தின் ஓரம் கொஞ்சம் பிசிறடிப்பது தெரியும். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படிக்கிற அம்மாவுக்குத் தெரியாது. எடை 212 கிராம், அது தெரியும். ஒரு கையில் மாவுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் இதைக் கையாள முடியாது.

ரயில்வே காலனி
ஏர்டெல்லில் 5ஜியும் வேண்டும் என்று அடம்பிடித்தால் சாம்சங் கேலக்ஸி எஃப்06 5ஜியைப் பாருங்கள், 2025 பிப்ரவரியில் பத்தாயிரத்துக்குள் வந்தது. டைமென்சிட்டி 6300 சிப், எல்லா நெட்வொர்க் 5ஜியும் எடுக்கும். 4 ஜிபி ராம், 128 ஜிபி. ஆண்ட்ராய்டு அப்டேட் நான்கு தலைமுறைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ரெட்மி ஏ4-க்குச் சொன்னது இரண்டு, பாதுகாப்பு அப்டேட் நான்கு வருடம். பணம் புழங்குகிற போன் என்பதால் நான் கேமராவுக்கு முன்னால் இதைத்தான் பார்ப்பேன். ஆனால் சார்ஜர் தனியாக வாங்க வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா வந்தவன்
செகண்ட் ஹேண்டில் பழைய பெரிய மாடல் ஒன்று எடுங்கள், இதே காசுக்கு அமோலெட் திரையே கிடைக்கும்.

செல்கடை அண்ணாச்சி
உங்களுக்கு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. பேட்டரி எத்தனை வருடம் உழைத்தது, டிஸ்ப்ளே மாற்றினதா, அப்டேட் எப்போது நின்றது என்று பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு அது லாபம். வங்கி ஆப் ஓடுகிற அம்மா கையில் நான் கொடுக்க மாட்டேன்.

போடிக்காரன்
எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக கலைவாணி அக்காவுக்கு. நேற்று அம்மாவைத் தேனிக்குக் கூட்டிப் போனேன். நீங்கள் சொன்ன மாதிரியே கைரேகை விழவில்லை, ரெட்மியிலும் இல்லை, சாம்சங்கிலும் இல்லை. கடைக்காரப் பையன் ஈரத் துணி எல்லாம் கொடுத்துப் பார்த்தான். அம்மா, "எனக்கு நம்பரே போதும்ப்பா, கிரைண்டர் கடைக்காரனும் இப்படித்தான் நிறையப் பட்டன் காட்டினான், நான் அழுத்துறது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். வாய்ஸ் மெசேஜ் இரண்டிலும் போட்டுக் கேட்டோம், ரோட்டோரக் கடை, லாரி போகிற சத்தத்திலும் கேட்டது.

5ஜியை விட்டுவிட்டேன். அம்மா போடுவது 1.5 ஜிபி பிளான்தான், அதுவே மீதியாகிறது. அப்டேட் விஷயத்தில் சாம்சங் பக்கம் மனசு போனது, ஆனால் சார்ஜரையும் சேர்த்தால் பட்ஜெட் எங்கேயோ போகிறது. ரெட்மி 128 ஜிபியே எடுத்தாயிற்று. உறையும் டெம்பர் கிளாசும் போட்டபின் இன்னும் கனமாகிவிட்டது, அது ஒன்றுதான் அம்மாவின் புகார்.

இப்போது புதுத் தலைவலி. பழைய போனில் இருக்கிற வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாம் அப்படியே வர வேண்டுமாம், யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது அதில்தான் இருக்கிறதாம். கூகுள் டிரைவில் இடமே இல்லை. வழி உண்டா?

ரயில்வே காலனி
டிரைவ் வேண்டாம். புது போனில் அதே நம்பரில் வாட்ஸ்அப்பைத் தொடங்குங்கள். பழைய போன் வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அதில் சாட்ஸ், அதில் டிரான்ஸ்ஃபர் சாட்ஸ். புது போன் காட்டுகிற கியூஆரைப் பழையதில் ஸ்கேன் செய்தால் போதும், படமும் வாய்ஸும் சேர்ந்தே வரும். இரண்டிலும் வைஃபை, லொகேஷன் ஆன் செய்து பக்கத்தில் வைத்திருங்கள். முடிகிறவரை பழைய போனில் எதையும் அழிக்காதீர்கள், நடுவில் அம்மாவுக்குக் கால் வந்தால் எடுக்கவும் விடாதீர்கள்.