பாலர் பள்ளியில் கை கழுவுவதற்கு இவ்வளவு நேரம் தேவையா?

பொங்கோல்_அப்பா:
இங்கே சிங்கப்பூரில் மகள் கே1 படிக்கிறாள் (கே1, கே2 இரண்டும் தொடக்கப்பள்ளிக்கு முந்திய பாலர் வகுப்புகள்). காலை ஏழரைக்குப் பராமரிப்பு நிலையத்தில் விட்டால் மாலை ஆறு மணிக்கு மேல்தான் அழைத்து வருகிறோம். இந்தப் பருவம் முழுக்க வகுப்பில் உடல்நலம், சுத்தம் என்றே ஓடுகிறது. கை கழுவும் பாட்டு, கிருமிப் படத்துக்கு வண்ணம் தீட்டும் தாள், வீட்டில் பல் தேய்த்ததும் பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய அட்டவணை. இதெல்லாம் வீட்டில் சொல்லித் தரவேண்டியவை. தமிழ் நேரத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டால் இடமில்லை என்கிறார்கள். இதற்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்தது?

என்னை எழுத வைத்தது இன்னொன்று. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் விளையாட்டுத் திடலில் மகள் இப்போது ஏணியைப் பிடிக்க மாட்டேன் என்கிறாள். "கிருமி இருக்குப்பா" என்று ஊஞ்சல் சங்கிலியைச் சட்டை நுனியால் சுற்றிப் பிடிக்கிறாள். ஐந்து வயதில் இந்தப் பயம் எதற்கு?

கே2_டீச்சர்:
ஐயா, நான் இந்தத் துறையில் வேலை பார்ப்பவள். கே1 வகுப்பில் 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். நான்கு குழாய் இருந்தால் ஐந்து வரிசை. சட்டைக் கையை மடக்கி, நனைத்து, சோப்புப் போட்டு, 20 விநாடி தேய்த்து, அலசி, துடைக்க ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடமாவது ஆகும். நடுவில் ஒருவன் தண்ணீர் தெளிப்பான், ஒருத்திக்குச் சட்டை நனைந்து அழுகை வரும். ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம் போய்விடும். காலைப் பசியாறல், மதிய உணவு, வெளி விளையாட்டு, மாலைத் தேநீர் என்று கூட்டிப் பாருங்கள். இதைக் கற்பிக்காமல் விட்டால் அந்த நேரம் மிச்சமாகாது, பிள்ளைகள் சும்மா ஈரக்கையோடு திரும்புவார்கள், அவ்வளவுதான்.

மூன்று வயதுப் பிள்ளை தானாகக் கை கழுவுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்துத் தட்டும். நுரை வந்தால் சிரிக்கும். கட்டைவிரல் காய்ந்தே இருக்கும், நகக்கண்ணில் காலையில் பிசைந்த மாவு அப்படியே இருக்கும். விரலிடுக்கைத் தேய்க்கப் பழக்க வாரக்கணக்கில் ஆகிறது. கல்வி அமைச்சு 2022இல் பாலர் பருவப் பாடக் கட்டமைப்பைப் புதுப்பித்தபோது, முன்பு உடலியக்கத் திறன் என்று மட்டும் இருந்த பிரிவில் சுகாதாரத்தையும் பாதுகாப்பையும் சேர்த்தது. அதனால் இதுவும் பாடம்தான்.

தேக்கா_பாட்டி:
தம்பி, நான் உங்கள் பக்கம். நாங்கள் செம்பவாங் கம்பத்தில் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்ந்தவர்கள். வெளியே போய்வந்தால் கால் கழுவாமல் வாசலைத் தாண்ட முடியாது. சாப்பிட உட்காருமுன் கை, சாப்பிட்டபின் வாய், எல்லாம் பெரியவர்களைப் பார்த்துப் பழகியது. யாரும் தாள் கொடுத்து வண்ணம் அடிக்கச் சொல்லவில்லை.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. என் பேரன் அவனுடைய நிலையத்தில் தோசையைக் கையால் பிய்த்துச் சாப்பிட்டதற்கு, அங்கிருந்த உதவியாளர் "அசிங்கம், கரண்டியால் சாப்பிடு" என்று சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் வீட்டில் ரசம் சாதத்துக்கும் கரண்டி கேட்கிறான். கழுவிய கையால் சாப்பிடுவது எப்படி அசிங்கம் ஆகும்? சுத்தம் சொல்லித் தருகிறோம் என்று நம் பழக்கத்தைக் குறை சொல்லிக் கொடுக்கிறார்களே.

கே2_டீச்சர்:
பாட்டி, அப்படிச் சொன்னது தவறு. அது சுகாதாரப் பாடமே இல்லை. நிலைய மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள், தயங்காதீர்கள். என் வகுப்பில் கையால் சாப்பிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள்தான் ஒழுங்காகக் கை கழுவிவிட்டு வருகிறார்கள்.

ஜூரோங்_அம்மா:
எல்லாரும் "வீட்டில்" என்கிறீர்கள். வீட்டில் யார் சொல்லித் தருவது? பொங்கோல் அப்பா, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு மேல் வந்து, சாப்பிட்டு, ஒன்பதுக்குத் தூங்கினால் பிள்ளை உங்களோடு விழித்திருப்பது இரண்டு மூன்று மணி நேரம். எங்கள் வீட்டில் பணிப்பெண் இருக்கிறார், நல்லவர், பாசமானவர். அதனாலேயே பிள்ளை எதையும் தானாகச் செய்வதில்லை. சாப்பிட்டதும் அவர் ஈரத்துணியோடு வந்து வாயைத் துடைத்துவிடுவார். கழிவறையில் கழுவிவிடுவதும் அவர்தான். என் மாமியார் வந்தாலும் இதே கதை.

அடுத்த ஆண்டு மகன் தொடக்கப்பள்ளியில் தொடக்கநிலை 1. அங்கே கழிவறையில் யாரும் கூட வரமாட்டார்கள். தானாகக் கழுவிக்கொள்ளத் தெரியாமல், வீடு வரும்வரை அடக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளைப் பற்றி மற்ற அம்மாக்கள் சொல்கிறார்கள். அடக்கி அடக்கி மலச்சிக்கல் வந்து மருத்துவரிடம் போன பிள்ளையை எனக்கே தெரியும். அவனுடைய கே2 ஆசிரியை இந்த ஆண்டு தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார், "இனி நான் கழுவிவிட மாட்டேன், வாசலில் நின்று வாயால் மட்டும் சொல்வேன்" என்று. முதலில் கோபம் வந்தது. இப்போது மகன் குழாயைப் பிடிக்கிறான், கழுவுகிறான், கால்சட்டையைச் சரியாகப் போட்டுக்கொண்டு, கையில் சோப்புப் போடுகிறான். இதை எந்த வீடு இவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கும்?

பொங்கோல்_அப்பா:
நேரம் இல்லை என்பதால் பெற்றோர் பொறுப்பைக் கைகழுவிவிட முடியாது என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வது குழாயடியிலும் கழிவறையிலும் செய்து பழகுவது. அதை நான் எதிர்க்கவில்லை. பல் முளைத்து, கண்ணை உருட்டும் பச்சை நிறக் கிருமிப் படத்தைத்தான் எதிர்க்கிறேன். அந்தப் படத்தால் எந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நனைந்தது?

தாதி_தோ பாயோ:
குழந்தைகள் பிரிவில் தாதியாக இருக்கிறேன். பயமுறுத்தக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2000ஆம் ஆண்டு கை, கால், வாய்ப்புண் நோய் பரவிச் சில குழந்தைகள் இறந்தார்கள். அக்டோபரில் தீவு முழுவதும் பாலர் பள்ளிகளையும் பராமரிப்பு நிலையங்களையும் மூடினார்கள். அந்த ஆண்டுதான் அதை மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கினார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு லேசாகத்தான் வந்து போகும், ஆனால் புண் ஆறிய பிறகும் மலத்தில் கிருமி வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். அதனால்தான் கழிவறைக்குப் போய்வந்ததும், டயப்பர் மாற்றியதும் கை கழுவுவதில் இவ்வளவு கண்டிப்பு.

பல பெற்றோர் பைக்குள் கைத்தூய்மித் திரவத்தை வைத்து அனுப்பிவிட்டால் போதும் என்று இருக்கிறார்கள். கொரோனா கிருமிக்கு வெளியே கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். வாய்ப்புண் நோய்க் கிருமிக்கு அந்த உறை கிடையாது, ஆல்கஹால் அவ்வளவாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் தண்ணீரில் அலசினால்தான் போகும். ஆகவே டீச்சர் சொன்ன பத்து நிமிடத்தைக் குறைக்க வழியில்லை.

செங்காங்_2பிள்ளை:
சரி, நான் கேட்கிறேன். பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லித் தருகிறோம். விடியற்காலையில் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, வாசலில் வெப்பநிலை பார்க்கும்போது சரியாக இருக்கும்படி அனுப்பிவைக்கும் பெற்றோருக்கு யார் சொல்லித் தருவது? மதியம் மருந்தின் வேகம் இறங்கியதும் பிள்ளை சுருண்டு படுத்துவிடும். அதற்குள் பக்கத்து மெத்தைப் பிள்ளைக்கும் ஒட்டிவிடும். என் பிள்ளைகள் மாறி மாறி விழுந்தே இந்த ஆண்டு போகிறது.

ஜூரோங்_அம்மா:
அவர்களைத் திட்டுவது சுலபம். ஏழு வயதுக்குக் கீழ் உள்ள சிங்கப்பூர்ப் பிள்ளை என்றால் தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்கு ஆண்டில் ஆறு நாள் பிள்ளை பராமரிப்பு விடுப்பு. வாய்ப்புண் ஒரு தடவை வந்தாலே ஒருவருடைய ஆறு நாளும் கரைந்துவிடும். அனுப்புவது தவறுதான், ஆனால் முதலாளி முகம் சுளித்தால் அவர்கள் எங்கே போவார்கள்?

செங்காங்_2பிள்ளை:
என் பிள்ளைக்கு வந்தாலும் என் முதலாளியும் முகம் சுளிக்கத்தான் செய்கிறார். இதை என்னால் ஏற்க முடியாது.

கே2_டீச்சர்:
பொங்கோல் அப்பா, படத்தைப் பற்றி. ஏன் கழுவவேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள், பதில் சொல்லியாக வேண்டும். நான் கிருமிப் படம் காட்டுவதில்லை. ஒரு பிள்ளையின் கையில் கொஞ்சம் மினுமினுப்புத் தூளைத் தடவிவிட்டு வழக்கம்போல் விளையாட விடுவேன். அரை மணி நேரத்தில் கதவுப் பிடியில், பொம்மையில், நண்பன் கன்னத்தில் எல்லாம் மின்னும். தண்ணீரில் மட்டும் கழுவிப் பார்ப்பார்கள், போகாது. சோப்புப் போட்டால் போகும். யாரும் பயப்படுவதில்லை, இன்னொரு முறை செய்யலாமா என்று கேட்கிறார்கள். திடலுக்குப் போகும்போது நான் சொல்வது ஒன்றே: "நல்லா விளையாடு, எல்லாத்தையும் தொடு, திரும்பி வந்ததும் கழுவிக்கலாம்." உங்கள் மகளிடம் இதையே சொல்லிப் பாருங்கள். அவளுடைய ஆசிரியரிடமும் ஏணி விஷயத்தைச் சொல்லுங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது.

பொங்கோல்_அப்பா:
அடுத்த பெற்றோர் சந்திப்பில் சொல்கிறேன். வண்ணத் தாளை நிறுத்திவிட்டு அந்த நேரத்தைக் குழாயடிக்குக் கொடுங்கள் என்றும் கேட்பேன். பல் தேய்க்கும் அட்டவணையில் கையெழுத்துப் போடுவதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. அவள் தானாகத் தேய்க்கிறாள், நான் எதற்குச் சாட்சி?

தாதி_தோ பாயோ:
அட்டவணையை விடுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். கை கழுவுவதைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம், பல் விஷயத்தில் முடியாது. ஏழெட்டு வயது வரை கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் தூரிகை போகும் அளவுக்குக் கை வளையாது. அவள் தேய்த்து முடித்ததும் இரவில் ஒருமுறையாவது நீங்கள் தேய்த்துவிட வேண்டும். 1958 முதல் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கும் ஊர் இது. அப்படியிருந்தும் பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கிப் பழகி, பால் பற்கள் கறுத்து வரும் பிள்ளைகளைப் பார்க்கிறோம்.

பொங்கோல்_அப்பா:
அது எனக்குத் தெரியாது. இன்று இரவே தேய்த்துவிடுகிறேன். கையெழுத்துப் போடமாட்டேன்.

தேக்கா_பாட்டி:
டீச்சர், மேலாளரிடம் பேச நான் போகலாமா, இல்லை மகனைத்தான் அனுப்ப வேண்டுமா? பதிவேட்டில் அவன் பெயர்தான் இருக்கிறது.

கே2_டீச்சர்:
நீங்களே போங்கள் பாட்டி. பேரனை அழைக்க வருபவர் என்று உங்கள் பெயரும் அங்கே இருக்கும். முடிந்தால் மாலை கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள், அப்போதுதான் நின்று கேட்பார்கள்.