தந்தையின் உரிமையைச் சட்டப்படி முழுவதுமாக நீக்க முடியுமா?

தாய்மாமன், உசிலம்பட்டி:

வணக்கம். என் தங்கை காலமான பிறகு அவளுடைய மகளை நானும் என் தாயாரும் வளர்த்து வருகிறோம். பிள்ளைக்கு இப்போது 9 வயதாகிறது. குடிப்பழக்கத்துக்கு ஆளான அவளுடைய தந்தை, காரியம் முடிந்த கையோடு திருப்பூருக்குச் சென்றவர், பள்ளிச் செலவுக்கோ மருத்துவத்துக்கோ இதுவரை எதுவும் அனுப்பியதில்லை. இப்போது வந்து, பெற்ற தகப்பனுக்கே பிள்ளை சொந்தம் என்கிறார். 22 மாதங்களில் 15 மாதங்கள் குழந்தை பிறரிடம் வளர்ந்தால் பெற்றோரின் உரிமை ரத்தாகிவிடும் என்று இணையத்தில் படித்தேன். அது நமக்குப் பொருந்துமா? எந்தக் காரணங்களைக் காட்டினால் அவருடைய உரிமையை நிரந்தரமாக நீக்கலாம்?

வழக்குரைஞர், மதுரை:

ஐயா, நீங்கள் படித்தது அமெரிக்காவின் 1997ஆம் ஆண்டுச் சட்டம். அங்கும் உரிமை தானாக ரத்தாவதில்லை; அரசின் பராமரிப்பில் உள்ள குழந்தைக்காக நலத்துறை மனுச் செய்ய வேண்டும் என்பதே விதி, உறவினரிடம் வளரும் குழந்தைக்கு அதிலிருந்து விலக்கும் அளிக்கலாம். பெற்றோரின் தகுதியின்மையைத் தெளிவான, நம்பத்தகுந்த சான்றுகளால் நிறுவ வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982இல் கூறியது.

நம் நாட்டில், பெற்றோரின் உரிமையை நீக்குங்கள் என்று மட்டும் கேட்டு உறவினர் தொடுக்கும் தனி வழக்கு கிடையாது. உங்களுக்கு உரிய வழி, 1890ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்தில் காப்பாளர் (குழந்தைக்குச் சட்டப்படி பொறுப்பேற்பவர்) நியமனம் கோரும் மனுவாகும். தந்தை உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க இயலாது என்று அதன் 19ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவு, குழந்தையின் நலனையே தலையாய கருத்தாகக் கொள்ளச் சொல்கிறது. வழக்கு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கும்.

1992இல் உச்ச நீதிமன்றம், மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக வழக்கை எதிர்கொண்டிருந்த தந்தையிடம் பிள்ளைகளை ஒப்படைக்காமல், அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டுத் தாய்மாமனிடமே விட்டது. ஆனால் 2019இல், தாயை இழந்து தாய்வழி உறவினர்களிடம் வளர்ந்த ஒரு குழந்தையைத் தந்தையிடமே தரச் சொன்னது. அந்தத் தந்தையிடம் குறையேதும் காணப்படவில்லை. ஆகவே நீங்கள் பாசமாக வளர்ப்பதை நிரூபிப்பது மட்டும் போதாது. அவர் எத்தனை காலம் எட்டிப் பார்க்கவில்லை, குடியால் குழந்தைக்கு என்ன ஆபத்து என்பதற்குப் பள்ளிப் பதிவேடு, மருத்துவச் சீட்டுகள், காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அதன் ரசீது, அக்கம்பக்கத்தாரின் சாட்சியம் ஆகியவற்றைச் சேகரியுங்கள். விவரம் தெரிந்த வயது என்பதால் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

ஓய்வுபெற்ற சமூகப் பணியாளர், மேலூர்:

தம்பி, வழக்குரைஞர் சொல்லாத ஒரு பக்கத்தைச் சேர்க்கிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவற்றது, கைவிடப்பட்டது, பெற்றோரால் ஒப்படைக்கப்பட்டது என்று விசாரணையில் தெரியவரும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு தத்துக்கு உரியதாக அறிவிக்கலாம். ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாற 2 மாத அவகாசம் உண்டு. வளர்க்க இயலாத பெற்றோர் பச்சிளங்குழந்தையை அரசிடம் ஒப்படைப்பதற்காக 1992இல் சேலத்தில் தொடங்கிப் பின்னர் மதுரைக்கும் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்த அவகாசத்தின் அருமை புரியும்; வறுமையில் எடுத்த முடிவை ஒரு தாய் திரும்பப் பெற அதுவே வாய்ப்பு. நேரில் வந்து பிள்ளையைக் கேட்கும் தகப்பன் இருக்கையில், கைவிடப்பட்ட குழந்தை என்ற அறிவிப்பை நீங்கள் எதிர்பார்க்க முடியாது. அவர் குடித்துவிட்டு வந்து பிள்ளையை இழுத்துச் செல்ல முயன்றால் உடனே குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்; பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை என்ற அடிப்படையில் குழு தலையிட முடியும்.

தாய்மாமன், உசிலம்பட்டி:

இருவருக்கும் மிக்க நன்றி. அவர் பணம் கொடுத்தால் முத்திரைத்தாளில் எழுதித் தருவதாக ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லியிருக்கிறார். அது செல்லுமா?

வழக்குரைஞர், மதுரை:

பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குழந்தைக்காகப் பணம் கைமாறுவது குற்றமாகிவிடும். அந்தத் தாளால் அவருடைய உரிமையும் நீங்காது. அவர் மனமுவந்து சம்மதித்தால், தாய்மாமன் என்ற முறையில் உறவினர் தத்தெடுப்புக்கு நீங்கள் விண்ணப்பிக்கலாம். 2022 செப்டம்பர் முதல் அந்த ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆனால் தத்து முடிந்தால், தந்தைவழிச் சொத்தில் அவளுக்கு இனி வரக்கூடிய வாரிசுரிமையும் போய்விடும். காப்பாளர் ஆணையில் அந்த உரிமை நிலைக்கும். ஜீவனாம்சம் தரும் கடமையும் தந்தையை விட்டு நீங்காது. அவருக்கு ஊரில் நிலமோ வீடோ இருக்கிறதா என்பதை விசாரித்துவிட்டு எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். அதுவரை அவர் பிள்ளையை அழைத்துச் செல்லாதபடி, காப்பாளர் மனுவுடன் இடைக்கால ஆணையும் கேளுங்கள்.