மாநிலப் பூங்காவில் தன்னார்வலராக இருந்திருக்கிறீர்களா? உங்கள் கதையைச் சொல்லுங்கள்

சான் ஹோசே வாசி:

"சனிக்கிழமை தூங்காம எதுக்குடா மணல்ல போய் நிக்கிறே?" என்று அறை நண்பன் கேட்டான். ஒரு வரியில் பதில் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

கலிஃபோர்னியாவில் சான்டா குரூஸுக்கு வடக்கே, ஹைவே 1 ஓரத்தில் ஆன்யோ நுவேவோ மாநிலப் பூங்கா இருக்கிறது. டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் முடிய எலிஃபன்ட் சீல்கள் (யானை சீல் என்கிற பெரிய கடல் பாலூட்டிகள்) குட்டி போடவும் இணை சேரவும் அங்கே கரையேறும். ஆண் சீல் இரண்டு டன்னுக்கு மேல்கூட இருக்கும். மூட்டை போலக் கிடக்கும். கிளம்பிவிட்டால் நாம் நினைப்பதைவிட வேகம். அதனால் அந்த மாதங்களில் வழிகாட்டியோடுதான் உள்ளே போகலாம். அந்த வழிகாட்டிகளில் பெரும்பாலோர் என்னைப் போலச் சம்பளமில்லாத ஆட்கள். பயிற்சியில் சீலைப் பற்றிப் படித்த அளவுக்கு, ஆட்களை எப்படி நயமாகப் பின்னால் நகர்த்துவது என்றும் படித்தேன். 25 அடி தள்ளி நிற்க வேண்டும். செல்ஃபி எடுப்பவர்களுக்கு அந்த 25 அடி எப்போதும் பத்தடியாகத்தான் தெரியும்.

19ஆம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக இவற்றை வேட்டையாடியதில், மெக்சிகோவின் குவாடலூப் தீவில் நூறுக்கும் குறைவாகத்தான் மிஞ்சின. ஆன்யோ நுவேவோ தீவுக்கு 1955இல் திரும்பி வந்தன. எதிரே உள்ள கரையில் முதல் குட்டி பிறந்தது 1975இல். இன்று கரை நிறையக் கிடப்பவை எல்லாம் அந்தக் கொஞ்சத்தின் வாரிசுகள். இதைச் சொல்லும்போது கூட்டம் அமைதியாகிவிடும், எனக்குப் பிடித்த இடம் அது.

சரி, நான் சொல்ல வந்தது ஒரு ஜனவரி மாதக் கதை. முந்தின இரவு நல்ல மழை. ஒரு குட்டி தாயைத் தொலைத்துவிட்டு, கறுப்புத் தோல் ஈரமாக மின்ன, ஒவ்வொரு பெண் சீலிடமும் ஊர்ந்து போய்க் கத்திக்கொண்டிருந்தது. வேறு குட்டி பால் குடிக்க வந்தால் தாய் சீல்கள் கடிக்கும். மூன்று இடத்தில் கடி வாங்கியது. என் குழுவில் மகனோடு வந்திருந்த ஒரு அம்மா, நான் தமிழ் என்று தெரிந்ததும் கேட்டார்:

"தம்பி, அதைத் தூக்கி அவங்கம்மாகிட்ட விட்டா என்ன?"

"தொடக் கூடாதும்மா. சட்டம். அதோட எது அதோட அம்மான்னு நமக்கும் தெரியாது."

"அப்புறம் நீ எதுக்குப்பா இங்க நிக்கிறே?"

கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் 1972 என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அந்த அம்மா நடை முடியும் வரை என்னோடு பேசவே இல்லை. அடுத்த வாரம் போனபோது அதே இடத்தில் ஏகப்பட்ட குட்டிகள். அது அவற்றில் ஒன்றா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுகர்லேண்ட் அக்கா:

தம்பி, அந்த அம்மா கேட்ட கேள்வியை என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு ஹூஸ்டன் பக்கம் பிரேசஸ் பெண்ட் மாநிலப் பூங்கா. எங்கள் ஊர் விருந்தாளி முதலை, அதாவது அலிகேட்டர். நடைபாதை ஓரத்திலேயே வெயில் காயும். இங்கே கணக்கு 30 அடி.

எல்ம் ஏரிக் கரையில் ஒருநாள், மஞ்சள் பட்டை போட்ட முதலைக் குஞ்சுகள், நம் விரல் கனம்தான், இலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒரு பையன் குனிந்துவிட்டான். குஞ்சு "ங்க், ங்க்" என்றது. தண்ணீருக்குள்ளிருந்து குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு சத்தம். தாய்! பையனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன், அவன் அப்பாவுக்கு என்மேல்தான் கோபம். ரொட்டி போடுகிறவர்களிடம் மட்டும் நான் நயம் எல்லாம் பார்ப்பதில்லை. மனிதரைக் கண்டால் தீனி என்று பழகிய முதலையைக் கடைசியில் அப்புறப்படுத்தத்தான் வேண்டியிருக்கும்.

ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு தகவல்: டெக்சஸ் பூங்காக்களில் 'பார்க் ஹோஸ்ட்' என்று உண்டு. சொந்த ஆர்வியை (வீடு போல வசதியுள்ள வண்டி) அங்கேயே நிறுத்தித் தங்கலாம், இடத்துக்கு வாடகை இல்லை. பதிலுக்கு வாரம் 25 மணி நேரம் போல வேலை. கழிவறை கழுவுவதும் அதில் சேர்த்தி. வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் இருப்பவர்கள், அந்த இலவச இடத்தையே அதிகாரிகள் கூலியாகக் கருதுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மரின் களையெடுப்பி:

உங்களுக்காவது சும்மா நிற்கிற வேலை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மவுண்ட் டமால்பைஸ் மாநிலப் பூங்காவில் எங்களுக்குப் பிடுங்குகிற வேலை. ஃபிரெஞ்ச் புரூம் என்று மஞ்சள் பூப் பூக்கும் புதர், மத்தியதரைக்கடல் பக்கத்துச் செடி, இங்கே களை. விதை மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். மழைக்கு அடுத்த நாள் போனால் வேர் கையோடு வரும்.

தொட்டால் தோலில் கொப்புளம் கிளப்பும் பாய்சன் ஓக் செடி பற்றி முதல் நாளே எச்சரித்தார்கள்: மூன்று இலையாக இருந்தால் தொடாதே. நான் போனது ஜனவரி. இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சி. இலையில் இருக்கிற, கொப்புளம் கிளப்பும் எண்ணெய் குச்சியிலும் இருக்கும் என்பது இரண்டு நாள் கழித்து முழங்கை வரை கொப்புளம் கிளம்பியபோதுதான் தெரிந்தது. மருந்து தடவிக்கொண்டே மனைவி சொன்னாள்: "வீட்டுல கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்துல களை மண்டிக் கிடக்கு, அதுக்கு எப்ப வாலண்டியர் வர்றாங்க?"