கால்பந்து வர்ணனை: எந்த நாட்டுக் குரல் உண்மையிலேயே தரமானது?

இடதுகால்:

உலகக் கோப்பை ஆட்டத்தை எந்த நாட்டில் பார்த்தாலும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். 2002-லிருந்து எச்பிஎஸ் என்ற நிறுவனம் ஃபிஃபாவுக்காகப் படம் பிடித்து எல்லா நாட்டுக்கும் அனுப்புகிறது. கேமரா கோணமும் ரீப்ளேயும் கூட்டத்தின் இரைச்சலும் ஒன்றே. மாறுவது வர்ணனையாளரின் குரல் மட்டும். அதனால் நாட்டுக்கு நாடு தரத்தை ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு வேறு இல்லை.

என் தேர்வு பிரிட்டிஷ், ஜெர்மன் வர்ணனை. காரணம் நிதானம். 1986 காலிறுதியில் மரடோனா பாதி மைதானத்தைக் கடந்து, ஐந்தாறு பேரைத் தாண்டிப் போய் அடித்த கோலை எடுத்துக்கொள்ளுங்கள். பிபிசிக்காகப் பேசியவர் பேரி டேவிஸ். கோல் வாங்கியது அவருடைய சொந்த நாடான இங்கிலாந்து. ஆனாலும் 'இதை அற்புதம் என்று சொல்லித்தான் ஆக வேண்டும்' என்றார். குரலில் கசப்பு இல்லை. சொந்த அணி தோற்கும்போது எதிராளியின் கோலை மனதாரப் பாராட்டுவதுதான் என்னைப் பொறுத்தவரை தரம்.

2014 அரையிறுதியும் அப்படித்தான். ஜெர்மனி 23-ஆவது நிமிடத்திலிருந்து 29-ஆவது நிமிடத்துக்குள் நான்கு கோல் அடித்தது. ஜெர்மன் தொலைக்காட்சியான இசட்டிஎஃப்-பில் பேலா ரேதி தனியாக உட்கார்ந்து பேசினார். சொந்த அணி பிரேசிலை அதன் மண்ணிலேயே நொறுக்குகிறது, அவர் மேஜையைத் தட்டிக் கூத்தாடவில்லை. எது நடக்கிறதோ அதைச் சொன்னார். இதற்கு நேர்மாறாக 'நம்ம பையன்கள்', 'நமக்கு அநியாயம்' என்று தொண்ணூறு நிமிடமும் கத்தும் ஒளிபரப்புகளை என்னால் பத்து நிமிடம்கூடக் கேட்க முடியவில்லை.

பத்தாம்நம்பர்:

நண்பரே, நீங்கள் நிதானம் என்று சொல்வது எனக்கு விலகி நிற்பதாகத்தான் கேட்கிறது. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்போது, அந்த நாட்டுக்காகப் பேசும் மனிதருக்கு மட்டும் மூச்சு சீராக இருந்தால் அது தரமா?

1982 இறுதி முடிந்ததும் இத்தாலியின் ராய் தொலைக்காட்சியில் நாண்டோ மார்ட்டெல்லீனி 'உலக சாம்பியன்' என்று மூன்று தடவை சொன்னார். இத்தாலி வென்ற மூன்றாவது கோப்பை அது. அந்த மூன்று சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. 1998-இல் பிரான்ஸ் முதல் தடவை கோப்பை வென்றபோது டிஎஃப்1 தொலைக்காட்சியில் தியரி ரோலான் 'இதைப் பார்த்த பிறகு நிம்மதியாகச் சாகலாம்' என்றார். 2016 யூரோ கோப்பையில் ஆஸ்திரியாவுக்கு எதிராகக் கடைசி நொடியில் ஐஸ்லாந்து அடித்த கோலுக்கு குட்முண்டூர் பெனடிக்ட்சன் குரல் உடைந்து கீச்சிட்டதே, அதைக் கேட்டு ஐஸ்லாந்து மொழியில் ஒரு சொல் தெரியாதவர்களுக்கும் கண் கலங்கியது. அவர் அந்த நாட்டு அணிக்கே ஆடியவர். அவரிடம் போய் நிதானமாகப் பேசு என்று யார் சொல்வது?

இன்னும் பழைய கதைக்குப் போனால், 1954 இறுதியில் ஜெர்மனிக்காக ஹெர்பர்ட் சிம்மர்மான் 'கோல்! கோல்! கோல்! கோல்!' என்று கதறியது, 1978-இல் ஜெர்மனியை ஆஸ்திரியா வென்றபோது எடி ஃபிங்கர் 'எனக்குப் பைத்தியமே பிடிக்கிறது' என்றது, 1981-இல் இங்கிலாந்தை நார்வே வென்றபோது பியோர்கே லில்லெலியன் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சர் வரை பெயர் பெயராகக் கூப்பிட்டு 'உங்கள் பையன்கள் செம அடி வாங்கினார்கள்' என்றது, அப்புறம் நீங்கள் சொன்ன அதே மரடோனா கோலுக்கு விக்டர் ஊகோ மொராலெஸ் அழுதுகொண்டே 'விண்வெளிக் காற்றாடியே, எந்தக் கிரகத்திலிருந்து வந்தாய்?' என்று கேட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் நிற்பவை இவைதான். நிதானமாகப் பேசியவர்களில் எத்தனை பேரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது?

இடதுகால்:

ஞாபகத்தில் நிற்பதும் தரமும் ஒன்றல்ல. அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் எண்பத்தொன்பது நிமிடம் இருக்கிறது. எதிரணியின் இடது டிஃபெண்டர் யார், எந்த கிளப்பில் ஆடுகிறார், ஏன் இன்று மட்டும் மேலே ஏறவே இல்லை என்று சொல்லத் தெரிந்தவரா? சொந்த அணியின் பதினொரு பேரின் பிறந்த கதை வரை தெரிந்துகொண்டு, எதிரணியை 'அந்தப் பதினேழாம் நம்பர்' என்று கூப்பிடுபவரை எப்படித் தரமானவர் என்பது? நான் வர்ணனையாளரை எடைபோடுவது இப்படித்தான். நாட்டுப்பற்று அதிகமான ஒளிபரப்புகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன.

மூன்றாம்பாதி:

இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். பத்தாம்நம்பர் கடைசியில் அடுக்கிய நான்கையும் மறுபடி பாருங்கள். சிம்மர்மான், ஃபிங்கர், லில்லெலியன், மொராலெஸ். நான்கு பேரும் பேசியது வானொலிக்கு. தொலைக்காட்சிக்கு அல்ல.

1954 இறுதியின் படத்தை இன்று எங்கே பார்த்தாலும் சிம்மர்மானின் குரல்தான் ஓடும். அது பிறகு ஒட்டியது. அன்றைக்குத் தொலைக்காட்சியில் பேசியவர் வேறொருவர், அந்த ஒலி பெரும்பகுதி மிஞ்சவே இல்லை. மரடோனா கோலும் அப்படித்தான். படம் எல்லோருக்கும் பொது, அழுகை வானொலியிலிருந்து வந்தது. நாம் வானொலிக்காரரின் உணர்ச்சியையும் தொலைக்காட்சிக்காரரின் நிதானத்தையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இது நாட்டுக்கு நாடு வித்தியாசம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

வானொலிக்காரர் ஒரு நொடி நிறுத்தினால் ஆட்டமே காணாமல் போய்விடும். பந்து எங்கே, யாரிடம், எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் அதையே செய்தால் தொல்லை. கண் முன்னால் தெரிவதை ஏன் திரும்பச் சொல்கிறாய் என்று தோன்றும். 2012-இல் கடைசி நிமிடத்தில் அகுவேரோ மான்செஸ்டர் சிட்டிக்கு லீக் பட்டத்தை வென்று கொடுத்தபோது, ஸ்கை தொலைக்காட்சியில் மார்ட்டின் டைலர் அந்தப் பெயரை மட்டும் இழுத்துக் கத்திவிட்டுப் பல நொடி வாயே திறக்கவில்லை. மைதானம் பேசியது. அப்படி விட்டுக்கொடுப்பது தொலைக்காட்சிக்காரருக்கே உரிய திறமை.

அப்புறம் ஒன்று. ஒரு தொடரின் எல்லா ஆட்டத்துக்கும் எல்லா நாடும் ஆளை மைதானத்துக்கு அனுப்புவதில்லை. சொந்த அணி ஆடும் ஆட்டத்துக்குச் சிறந்த ஜோடி நேரில் போகும். மற்ற பலவற்றுக்கு வர்ணனையாளர் எங்கோ ஒரு சின்ன அறையில் நாம் பார்க்கும் அதே படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். பந்து இல்லாத பக்கம் யார் ஓடுகிறார், பெஞ்சில் யார் சட்டை மாற்றுகிறார் என்பது அவருக்கும் தெரியாது. ஒரு நாட்டின் வர்ணனை மோசம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேளுங்கள்.

பத்தாம்நம்பர்:

வானொலி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் கலந்துவிட்டேன். ஆனால் மார்ட்டெல்லீனி, ரோலான், பெனடிக்ட்சன் மூன்று பேரும் தொலைக்காட்சிதான், அதை விடமாட்டேன்.

இடதுகால் 1986 ஆட்டத்தைக் கையில் எடுத்ததால் அதிலேயே நிற்கிறேன். அந்தக் கோலுக்கு நான்கு நிமிடம் முன்னால் இன்னொரு கோல் இருக்கிறது, மரடோனா கையால் தட்டியது. இங்கிலாந்து வீரர்கள் நடுவரைச் சுற்றிக்கொண்டபோது பேரி டேவிஸ் முதலில் அவர்கள் ஆஃப்சைடு கேட்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டார். கை என்ற பேச்சு பிறகுதான் வந்தது. அதே நேரம் அர்ஜென்டினாவுக்காகப் பேசிய மொராலெஸ், நீங்கள் சார்புக்காரர் என்று தள்ளும் அந்த ஆள், கையால்தான் அடித்தார் என்று நேரலையிலேயே சொன்னார். நெஞ்சாரக் கத்துகிறேன், ஆனால் நினைப்பதைச் சொல்லத்தான் வேண்டும் என்ற பொருளில் பேசினார்.

சார்பு இருப்பவனுக்குக் கண் குருடு என்று எப்படிச் சொல்வீர்கள்? 2014-ஐயும் கொண்டுவந்தீர்கள். பிரேசிலின் குளோபோ தொலைக்காட்சியில் கால்வாவோ புவேனோ என்ன சொன்னார்? 'இது எதிரணிக்கு உலாவப் போவது மாதிரி ஆகிவிட்டது' என்றார். வாழ்நாளெல்லாம் பிரேசிலுக்காகக் கத்திய மனிதர், தன் அணி நொறுங்குவதை மறைக்காமல் தன் மக்களிடம் சொன்னார். ரேதி சொன்னதைவிட அதைச் சொல்வது எத்தனை மடங்கு கடினம்.

இடதுகால்:

கை கோல் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. டேவிஸ் அந்த இடத்தில் தவறவிட்டார். நடுவரும் துணை நடுவரும் தவறவிட்டார்கள் என்பது அவருக்குச் சாக்கு ஆகாது, பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை.

ஆனால் நீங்கள் எடுத்த இரண்டு பேரையும் கவனியுங்கள். மொராலெஸ், புவேனோ இருவரையும் நீங்கள் பாராட்டுவது அவர்கள் உணர்ச்சிவசப்பட்டதற்காக அல்ல. உணர்ச்சி பொங்கிய நேரத்திலும் உண்மையைச் சொன்னதற்காக. அப்படியானால் நாம் இரண்டு பேரும் கேட்பது ஒன்றையே. எனக்கு அந்த உண்மை தாழ்ந்த குரலில் வேண்டும், உங்களுக்கு உரத்த குரலில். இதில் மட்டும் நான் மாறமாட்டேன். உரத்த குரலில் உண்மை வருவது அபூர்வம், அதனால்தான் இரண்டு பெயரோடு நின்றுவிட்டீர்கள்.

பத்தாம்நம்பர்:

தாழ்ந்த குரலில் மட்டும் அடிக்கடி வருகிறதா?

நள்ளிரவுரசிகை:

உங்கள் மூன்று பேர் பேச்சையும் படித்தேன். நான் வேறு இடத்திலிருந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பாவுக்குக் கண்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இப்போது திரையில் பச்சை நிறமும் அசைவும் மட்டும் தெரிகிறது. 2022 உலகக் கோப்பை இறுதியை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். பிரான்ஸின் எம்பாப்பே 80-ஆவது நிமிடத்தில் பெனால்டி, அடுத்த நிமிடமே இன்னொரு கோல். நாங்கள் வைத்திருந்த சேனலில் வர்ணனையாளர் 'எம்பாப்பே' என்று கத்திவிட்டு நிறுத்திவிட்டார். மூன்றாம்பாதி அண்ணா சொன்ன அதே மௌனம், மைதானம் பேசட்டும் என்று விட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்பா 'என்னம்மா ஆச்சு, எப்படி அடிச்சான்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கோலோ முவானி தனியாக வந்து அடித்ததை அர்ஜென்டினா கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் தடுத்தாரே, அதற்கும் 'என்ன ஒரு தடுப்பு!' என்று மட்டும்தான் வந்தது. யார் அடித்தார், எங்கிருந்து, கையால் தடுத்தாரா காலால் தடுத்தாரா, ஒன்றும் இல்லை. இடது காலை நீட்டித் தடுத்தார் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து அடுத்த முனைக்குப் போய் அங்கே அர்ஜென்டினாவின் லவுத்தாரோ தலையால் முட்டி வெளியே அடித்துவிட்டார். அதையும் அப்பா தவறவிட்டார்.

அதனால் எந்த நாட்டு ஒளிபரப்பு தரமானது என்று என்னைக் கேட்டால், பார்வை இல்லாதவரையும் ரசிகராக நினைக்கும் ஒளிபரப்புதான். ஜெர்மனியில் ஏஆர்டி, இசட்டிஎஃப் இரண்டு தொலைக்காட்சிகளும் உலகக் கோப்பை ஆட்டங்களுக்குப் பார்வையற்றவர்களுக்கென்றே தனி வர்ணனை ஒலித்தடம் தருகின்றன. அதே படம், வேறு குரல். அதைப் பேசுபவர் உணர்ச்சியும் காட்டுகிறார், பந்து எங்கே என்றும் விடாமல் சொல்கிறார். மற்ற நாடுகளும் இதைச் செய்ய வேண்டும் என்று நாம் ஏன் கேட்பதில்லை?

மூன்றாம்பாதி:

தங்கச்சி, நான் மௌனத்தைப் புகழ்ந்தபோது எல்லோருக்கும் கண் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் எழுதினேன். அது என் தவறு. டைலரின் அந்தப் பல நொடியை அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் வேறு மாதிரி இருந்திருக்கும். தனி ஒலித்தடம் இருந்தால் இரண்டு பேருக்கும் இரண்டும் கிடைக்கும், அதுதான் சரியான வழி. இப்போது ஆட்டம் பார்க்கும்போது என்ன செய்கிறீர்கள்?

நள்ளிரவுரசிகை:

வானொலி வர்ணனை கிடைக்கும் ஆட்டமாக இருந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிட்டு ரேடியோவை வைத்துவிடுகிறோம். ஒரே தொல்லை, ரேடியோ சில நொடி முந்தி வருகிறது. என் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தில் இருக்கும்போதே அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எப்படி அடித்தான் என்று இப்போது நான் அவரிடம் கேட்கிறேன்.